சான்ஸ் எழுத்துருவுக்கு ஒரு செரிஃப் துணை: முதன்முதலாக வரைபவர்களுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையின் ஆண்டு மலருக்காக நான் வரைந்த எழுத்துரு ஒரு சான்ஸ் செரிஃப், சுருக்கமாகச் சான்ஸ். கோடெல்லாம் ஏறக்குறைய ஒரே தடிப்பு, முனைகள் கத்தரித்தாற்போல நேராக இருக்கும். தலைப்பிலும் சுவரொட்டியிலும் எடுப்பாகத் தெரிந்தது. அதே எழுத்தில் எட்டுப் பக்கச் சிறுகதை ஒன்றையும் அடித்துக் கொடுத்தோம். வாசிகசாலைக்குத் தினமும் வரும் தாத்தா ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பக்கம் போனா வரி தப்பிப் போகுது."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் செரிஃப் பக்கம் திருப்பியது. அவர் ஈய எழுத்தில் அச்சடித்த புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்துக்குப் பழகிய கண் அது. தலைப்புக்குச் சான்ஸ், நீண்ட வாசிப்புக்குச் செரிஃப், இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிய வேண்டும். அதை எப்படி வரைவது என்று, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. லத்தீன் எழுத்தில் செரிஃப் என்றால் கோட்டின் முனையில் நிற்கும் சிறு பாதம். தமிழில் அப்படி ஒரு பாதம் மரபில் இல்லை. அதனால் 'தமிழ் செரிஃப்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டைத்தான்: கோட்டின் தடிப்பு மெலிவு, முனைகள் முடியும் விதம். இதை மறந்துவிட்டு சான்ஸ் எழுத்துக்குப் பாதம் ஒட்டினால் என்ன ஆகும் என்பதைக் கீழே காட்டுகிறேன்.

படி 1: துணை தேடும் சான்ஸைத் தெரிந்தெடுங்கள்

சொந்தமாக வரைந்தது இருந்தால் நல்லது. இல்லையென்றால் முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமத்தில் கிடைக்கும் ஒன்றை எடுங்கள். இவை ஓப்பன் ஃபொன்ட் லைசென்ஸில் உள்ளவை. கோப்பைத் திறந்து அதன் வடிவங்களையே மாற்றி எழுதினால், நீங்கள் வெளியிடும் எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் வர வேண்டும். மூலப் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் அதையும் பயன்படுத்தக் கூடாது. அளவுகளை மட்டும் பார்த்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அது உங்கள் சொந்த வேலை. கற்றுக்கொள்ள இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் எண்ணம்.

நோட்டோவில் சான்ஸ் தமிழ், செரிஃப் தமிழ் இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பந்தியை இரண்டிலும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். எது மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் இந்த வேலைக்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. எரிக் ஸ்பீக்கர்மான் வரைந்த மெட்டா என்ற சான்ஸ் எழுத்துரு 1991-இல் வந்தது. அதற்குத் துணையான மெட்டா செரிஃப், கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ், கிரிஸ் சவர்ஸ்பி ஆகியோரும் சேர்ந்து உழைத்து, 2007-இல்தான் வெளியானது. அடோபியின் சோர்ஸ் சான்ஸை 2012-இல் பால் ஹன்ட் வரைந்தார், சோர்ஸ் செரிஃப்பை 2014-இல் ஃபிராங்க் கிரீஸ்ஹாமர் வரைந்தார். வரைந்த கை வேறு, ஆனாலும் ஒரு பக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. உயரமும் அகலமும் பக்கத்தின் கருமையும் பொருந்தியிருப்பதுதான் காரணம்.

படி 2: அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஃபொன்ட்ஃபோர்ஜ், எழுத்துரு வரைவதற்கான இலவச மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய கணினியிலும் சமாளிக்கும். அதில் சான்ஸ் கோப்பைத் திறந்து 'ப' எழுத்தின் உயரம், 'ட' அகலம், எழுத்துகள் நிற்கும் வரிக்குக் கீழே 'ழ' எவ்வளவு இறங்குகிறது, நின்ற கோட்டின் தடிப்பு, படுத்த கோட்டின் தடிப்பு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

என் சான்ஸில் ஓர் எழுத்துச் சதுரம் 1000 அலகு. நின்ற கோடு 74, படுத்த கோடு 68. ஒரே தடிப்பு என்று சொல்லிவிட்டு ஏன் இந்த வித்தியாசம்? ஒரே அளவில் வரைந்தால் படுத்த கோடு கண்ணுக்குக் கூடுதல் தடிப்பாகத் தெரியும். அதனால் பெரும்பாலான சான்ஸில் அதைக் கொஞ்சம் குறைத்துத்தான் வரைவார்கள்.

படி 3: இரண்டு பென்சில்

கணினியை மூடுங்கள். சான்ஸில் 'படம்' என்று ஒரு ஏ4 தாள் நிறையும்படி அச்செடுத்து அதன்மேல் டிரேசிங் பேப்பர் வையுங்கள். கூர் சீவிய இரண்டு பென்சில்களை ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரு பட்டை நிப் போல வேலை செய்யும். கையைத் திருப்பாமல், இரண்டு முனைகளையும் இணைக்கும் கோடு எழுத்துகள் நிற்கும் வரிக்கு 30 பாகை சாய்ந்திருக்கும்படி பிடித்து, சான்ஸ் எழுத்தின் நடுக்கோட்டைப் பின்தொடர்ந்து எழுதுங்கள்.

'ப' எழுதிப் பாருங்கள். கீழே இறங்கும்போது இரண்டு கோடுகளும் விலகி நிற்கும், அடியில் வலப்பக்கம் போகும்போது நெருங்கி வரும். மேலே முடியும் இடத்தில் முனை தானாகவே சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு வெட்டுதான் தமிழுக்குரிய செரிஃப். யாரும் ஒட்ட வேண்டாம், பேனாவே போட்டுக் கொடுக்கிறது.

கணக்கும் எளிது. நிப் அகலம் 100 என்றால் 30 பாகையில் நின்ற கோடு 87, படுத்த கோடு 50. கோணத்தை 34 ஆக்கினால் 83, 56.

படி 4: எவ்வளவு மெலிவு?

நான் தவறு செய்த இடம் இது. முதல் வரைவில் அழகுக்காகப் படுத்த கோட்டை 40-க்கு இறக்கினேன். திரையில் பெரிதாகப் பார்த்தபோது மிக நேர்த்தியாக இருந்தது. 10 பொயின்டில் அடித்து, டவுனில் ஒரு கடையில் போட்டோகொப்பி எடுத்தால் 'ட' ஒரு நின்ற குச்சியாக வந்தது. அடிக்கோடு இல்லை. 10 பொயின்டில் 40 அலகு என்பது 0.14 மில்லிமீட்டர்தான். மலர்களும் துண்டுப்பிரசுரங்களும் பெரும்பாலும் கொப்பியாகத்தான் கைக்குக் கை போகின்றன. அதற்குத் தாங்காத எழுத்து எங்களுக்கு உதவாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லத்தீனில் எழுத்துகளின் பாதங்கள் வரிசையாக நின்று வரிக்கு ஒரு தரை போடுகின்றன. தமிழில் அந்தத் தரையை ப, ட, ம, ய, வ ஆகியவற்றின் அடிக்கோடுகள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கின்றன. 'படம்' என்று எழுதி அடியை மட்டும் பாருங்கள், பாய் விரித்தது போல இருக்கும். செரிஃப் செய்கிறேன் என்று அந்தக் கோட்டை நூலாக்கினால் தரை போய்விடும், நின்ற கோடுகள் வேலிக் கம்பு போல மிஞ்சும். தாத்தா சொன்ன 'வரி தப்பிப் போவது' இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

அதனால் நான் 83, 56 என்று நிறுத்தினேன். 56 அலகு 10 பொயின்டில் 0.2 மில்லிமீட்டர், கொப்பியிலும் நிற்கிறது. சராசரியையும் பாருங்கள்: சான்ஸில் 74, 68-இன் நடு 71. செரிஃப்பில் 83, 56-இன் நடு 69.5. இரண்டும் அருகருகே இருப்பதால் பக்கத்தின் கருமையும் ஒத்து வருகிறது.

படி 5: பாதம் ஒட்டாதீர்கள்

'பாரம்' என்ற சொல்லை எடுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாள்தோறும் காதில் விழும் சொல். இதில் காலும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ரகரத்தின் அடியில் இருக்கும் அந்தச் சிறு சாய்வுக் கோடு மட்டுமே. லத்தீன் மாதிரி காலின் அடியில் ஒரு பாதம் வைத்தால் அது ரகரமாகிவிடும், 'பரரம்' என்று படிக்க நேரும். எகரத்தின் அடியில் பாதம் வைத்தால் ஏகாரம் போலாகும். 'எடு' என்று எழுதினால் 'ஏடு' என்று கண் படிக்கும்.

ஆகவே அடிமுனைகளைத் தொடவே வேண்டாம். மேல்முனைகளில் மட்டும் சாய்வு வெட்டு. வேண்டுமானால் வெட்டுக்குக் கீழே கோட்டை 4, 5 அலகு மெல்ல விரியவிடலாம். அதற்கு மேல் போனால் அலங்கார எழுத்தாகிவிடும்.

படி 6: ஆறு எழுத்தில் தொடங்குங்கள்

அ, ஆ என்று வரிசையாகப் போகாதீர்கள். ப, ட, ம, வ, ன, ல ஆகிய ஆறும் ஒரு புள்ளியும் போதும். படம், மனம், வடம், வனம், மடல் என்று பல சொற்கள் கிடைத்துவிடும். 'ப' நேர்க்கோட்டையும், 'வ' சுழியையும், 'ல' வளைவையும் தீர்மானித்துத் தரும். மற்ற எழுத்துகள் இவற்றிலிருந்து பிறக்கும்.

ஃபொன்ட்ஃபோர்ஜில் டிரேசிங்கை ஸ்கேன் செய்து பின்னணி அடுக்கில் வையுங்கள். முதலில் நடுக்கோட்டை மட்டும் வரையுங்கள். பிறகு கோட்டை விரிவாக்கும் கட்டளையில் பட்டைப் பேனாவைத் தெரிந்து, அகலம் 100, கோணம் 34 கொடுத்தால் தடிப்பு வந்துவிடும். இது தொடக்கம் மட்டுமே. பேனாவின் சாய்விலேயே ஏறும் கோடுகள் நூல் போல மெலிந்திருக்கும், அவற்றைக் கையால் தடிக்க வேண்டும். வளைவின் உச்சிகளில் எல்லாம் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு கணு (மெய்யெழுத்துப் புள்ளி அல்ல) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுழிகளில் பொறுமை வேண்டும். 'அண்ணன்' என்று எழுதிப் பாருங்கள்: மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாக வரும். தடித்த கோடு சுழிக்குள் புகுந்தால் சிறிய அளவில் வெள்ளை அடைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் 83-ஐ 74 வரை குறைக்கலாம். கண் அதைக் கவனிக்காது, சுழி திறந்திருப்பதைத்தான் கவனிக்கும்.

படி 7: இடைவெளி

எழுத்துக்கு வெளியே உள்ள வெள்ளையும் எழுத்தோடு சேர்ந்ததுதான். நேர்க்கோடு முடியும் பக்கத்தில் கூடுதலாகவும், சுழி உள்ள பக்கத்தில் குறைவாகவும் விடுங்கள். 'பபப', பிறகு 'பவப' என்று அடித்து, நடு எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது போலத் தெரிவது நிற்கும்வரை திருத்துங்கள்.

ஒரு கட்டுப்பாடு: ஒரே பந்தியைச் சான்ஸிலும் செரிஃப்பிலும் அடித்தால் வரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. செரிஃப் கொஞ்சம் அகன்றாலே பக்கம் கூடிவிடும், அச்சுச் செலவும் கூடும்.

படி 8: மீதி எழுத்துகள்

247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, மெய்க்கு அடிப்படையான 18, கு கூ வரிசையில் தனியாக வரைய வேண்டியவை 36, டி டீ இரண்டு, கால், கொம்பு முதலிய குறிகளும் புள்ளியும் 7. கூட்டினால் 76. கி, கீ போன்றவற்றில் கொக்கி சரியாக ஒட்டாத இடங்களில் தனியாக வரைந்துகொள்ளுங்கள். 'கொ' தனியாக வேண்டாம். யுனிகோட் எழுத்தைக் காட்டும் மென்பொருளே அதன் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, முன்னும் பின்னும் வைத்துவிடும்.

கிரந்த எழுத்துகளைப் பிறகு பார்க்கலாம் என்று சிலர் விடுவார்கள். இலங்கை மலையகத்தில் அது முடியாது. ஹப்புத்தளை, மஸ்கெலியா என்று ஊர்ப்பெயர் எழுதவே அவை வேண்டும். 'கொழுந்து', 'நுவரெலியா', 'தலவாக்கலை' மூன்றையும் உங்கள் சோதனைத் தாளில் எப்போதும் வைத்திருங்கள். முதலாவது ழு, து இரண்டையும், இரண்டாவது கொம்பையும், மூன்றாவது லை வடிவத்தையும் பிடித்துக் காட்டும்.

தடித்த எழுத்து பற்றிச் சுருக்கமாக: நின்ற கோட்டை 130 ஆக்கினால் படுத்த கோட்டை 80-க்கு மேல் ஏற்றாதீர்கள், சுழி அடைபடும்.

படி 9: ஒரே பக்கத்தில் இரண்டும்

தலைப்பைச் சான்ஸிலும் கதையைச் செரிஃப்பிலும் வைத்து ஒரு பக்கம் அச்செடுங்கள். சுவரில் ஒட்டி, பின்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். பக்கத்தில் சிங்களமும் வருவதாக இருந்தால், அபய லிப்ரே போன்ற தடிப்பு மெலிவுள்ள எழுத்துருவை வைத்து அதோடும் ஒப்பிடுங்கள்.

பிறகு அதைப் போட்டோகொப்பி எடுத்து, கண்ணாடி போட்டுப் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு பிரதியுடன் உட்காருங்கள். எந்தச் சொல்லில் தயங்குகிறாரோ, எங்கே திரும்பப் போய்ப் படிக்கிறாரோ, அங்கே ஒரு கோடு போடுங்கள். எங்கள் தாத்தா படித்தபோது என் தாளில் ஏழு கோடுகள் விழுந்தன. அதில் ஐந்து, 'ளு' வந்த இடங்கள். அன்று இரவு அந்த ஓர் எழுத்தைத்தான் திரும்ப வரைந்தேன்.