"உனக்கு விசுவாசம் பத்தல"

அம்மா வார்டில் இருந்தபோது பார்க்க வந்த சபைப் பெரியவர் ஒருவர், சாத்துக்குடிப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு என் காதருகே சொன்னார்: "தம்பி, உனக்கு விசுவாசம் பத்தல. அதான் ஜெபம் கேட்கப்படல." நான் தலையாட்டினேன். நான் செய்த முதல் தவறு அது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் சந்தேகமே இல்லாதவன் மாதிரி நடித்தேன். வீட்டு ஜெபக் கூட்டத்தில், கடவுள் எனக்குச் செய்த நன்மை என்று சாட்சிகூடச் சொன்னேன்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். அவன் மகனைச் சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இரண்டும் ஒரே மூச்சில். 'முதலில் அவிசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா' என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். சந்தேகத்தையே ஜெபமாகச் சொல்லலாம் என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. 13-ஆம் சங்கீதம் தொடங்குவதே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான்.

அடுத்த தவறு, வசனத்தை டிஸ்சார்ஜ் தேதி மாதிரி வாசிப்பது. அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை (வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட சீட்டு) எரேமியா 29:11. கர்த்தருடைய நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான" நினைவுகள் என்கிற வசனம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். பங்குனிக்குள் அம்மா எழுந்து நடப்பார் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நடக்கவில்லை என்றதும் கர்த்தர் சொல் தவறிவிட்டதாகக் கோபம். வெகுநாள் கழித்துத்தான் முந்தின வசனத்தைப் படித்தேன். பாபிலோனில் 70 வருஷம் ஆன பிறகு என்கிறது அது! சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம்; வாசித்தவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். இதெல்லாம் அட்டையில் இடம்பிடிக்காது. அட்டையை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் எடுக்கிறேன். அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

'ஏன்' என்பதற்கு விளக்கம் கிடைத்தால்தான் அடுத்த அடி என்று உட்கார்ந்துவிடுவதும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி வந்தார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. டாக்டரான அவர் அப்பா ஆண் என்பதால், அவரை அழைத்துப்போக அவர்களுக்குச் சம்மதமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு யாரும் அவருக்கு விளக்கம் தந்துவிடவில்லை. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார்.

கடவுள் உண்டா இல்லையா என்று இரவு முழுக்க யூடியூபில் வாதப் பிரதிவாதம் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம்தான் கெடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சபையை விட்டுத் தனியாக ஒதுங்குவது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷன் தோமாவுக்குச் 'சந்தேகக்காரன்' என்று பேர் வைத்துவிட்டோம். "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டவனும் அவன்தான், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவன் கேட்டதும் ஒன்றும் அநியாயமில்லை. இயேசு தம் கைகளையும் விலாவையும் மற்ற சீஷர்களுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தார். தோமா அன்றைக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான். நம்பமாட்டேன் என்று அவன் சொன்ன பிறகும் அவர்கள் அவனை வெளியே தள்ளவில்லை, அவனும் போகவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அதே அறையில், அவர்களோடுதான் இருந்தான்.

நான் கடைசியில் ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜெபிக்கவே வரவில்லை என்பது உட்பட. நீளமாக ஒரு பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். "சரி," என்றார், "ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு வந்துடுப்பா. பேஸ் குரல்ல பாட ஆளில்ல."