பிடித்த மீனைப் பிழைக்க விடுவது எப்படி? சேலம், ஏற்காடு பக்கம் தூண்டில் போடும் புதியவர்களுக்கு

மூக்கனேரி, பூலாம்பட்டி காவிரி, மேட்டூர் அணைக் கரை என்று தூண்டிலோடு உட்காருபவர்களில், மீனைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைத்துவிடுவதில்லை. கையை விட்டு நழுவி வாலை அடித்துக்கொண்டு ஓடிய மீன், அன்று ராத்திரியோ மறுநாளோ செத்து ஒதுங்கலாம். நாம் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்போம், கண்ணில் படாது.

அதைக் கொல்வது பெரும்பாலும் உதட்டில் குத்திய முள் அல்ல. அதிக நேரம் இழுத்துக் களைக்க வைத்தது, காற்றில் தூக்கி வைத்திருந்தது, காய்ந்த கையால் வழித்தது, வெயிலில் காய்ந்த பாறையில் போட்டது, இவைதான். நாலுமே நம் கையில் இருக்கிறது. மீன் மாட்டிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது என்பதால், பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தூண்டிலை வீசும் முன்பே முடித்து வைக்க வேண்டும்.

முதலில் ஒன்று. ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடமும், அணை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். திரும்ப விடத்தானே போகிறோம் என்பது அனுமதி ஆகாது.

நேரம் பார்த்து இறங்குங்கள்

தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் சேலத்து ஏரிகளில் பிடித்து விடும் மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அந்த நேரத்தில் பிடித்துத் திரும்ப விடும் ஆட்டமே வேண்டாம்.

அப்படியென்றால் விடியற்காலைதான் நல்லது என்று தோன்றும். ஓடும் காவிரிக்கு அது சரி. பாசியும் செடியும் மண்டிய ஏரிக்குச் சரியில்லை. செடிகள் பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவெல்லாம் அவையும் சேர்ந்து அதைச் சுவாசிக்கும். அதனால் சூரியன் எழும் நேரத்தில்தான் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். எட்டிலிருந்து பத்து மணிக்குள் போடுங்கள். கெண்டை வகைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், ஏரி மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கிறது, மீன் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிரில் மீனின் தேவை குறைவது உண்மை. ஆனால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. அங்கே 20 டிகிரித் தண்ணீர் தாங்கும் அளவு, கீழே சேலத்தில் 30 டிகிரித் தண்ணீர் தாங்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆக, மலையிலும் அதே கவனம்தான்.

எதிர்முள்ளை நசுக்குங்கள்

தூண்டில் முள்ளின் கூருக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன நாக்கு நிற்கும். உள்ளே போன முள் வெளியே வராமல் தடுப்பது அந்த எதிர்முள்தான். கழற்றும்போது சதையைக் கிழிப்பதும் அதுதான். நோஸ் பிளேயரின் வாயை முள்ளின் கூர் நீளும் திசைக்கு இணையாக வைத்து, எதிர்முள்ளை மெதுவாக அழுத்துங்கள். வெடுக்கென்று அழுத்தினால் கடினமான எஃகு முள் கூரோடு ஒடிந்து தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அழுத்திய பின் ஒரு பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டாமல் வந்தால் சரி. மாட்டினால் இன்னொரு முறை அழுத்துங்கள். விராலுக்குப் போடும் ரப்பர் தவளையில் இரண்டு முள் இருக்கும், இரண்டையும் நசுக்க வேண்டும்.

மீன் தப்பிவிடுமே என்று பயப்பட வேண்டாம். நரம்பை, அதாவது தூண்டிலின் நைலான் இழையை, தளர விடாமல் இழுத்தால் நசுக்கிய முள்ளிலும் மீன் நிற்கும். மண்புழுவோ மாவு உருண்டையோ வைத்துக் காத்திருக்கும் தூண்டிலுக்கு, கூர் உட்பக்கம் திரும்பிய வட்ட முள் இன்னும் நல்லது. மீன் விழுங்கினாலும் அது வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில்தான் மாட்டும். ஒரே நிபந்தனை: தக்கை முங்கியதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாகச் சுற்றினால் போதும்.

நரம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்லா, ரோகு வரக்கூடிய தண்ணீரில் மெல்லிய நரம்பைப் போட்டு இருபது நிமிடம் விளையாட்டுக் காட்டினால், மீனின் தசையில் லாக்டிக் அமிலம் ஏறி, கரைக்கு வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். 0.35 மி.மீ. அல்லது அதற்கு மேல் போட்டுச் சீக்கிரம் கரை சேருங்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: நீண்ட மூக்கு பிளேயர், நரம்பு வெட்ட ஒரு கட்டர், முடிச்சில்லாத மென்மையான வலை போட்ட கைவலை. ரப்பர் பூசிய வலை கிடைத்தால் மிக நல்லது. முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிலைப் பெயர்க்கும், செட்டையைக் கிழிக்கும். படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேமராவைத் திறந்து நண்பர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் மீனைத் தொடுங்கள்.

மீன் கைக்கு வந்ததும்

கைவலையில் ஏந்தியதும் தூக்காதீர்கள். வலையோடு தண்ணீரிலேயே இருக்கட்டும், மற்ற வேலையெல்லாம் அங்கேயே நடக்கட்டும். தொடுவதற்கு முன் இரண்டு கையையும் முழங்கை வரை அதே தண்ணீரில் நனையுங்கள். மீன் உடம்பின் வழுவழுப்பு கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் காக்கும் உறை. காய்ந்த கை, துண்டு, கையுறை எது பட்டாலும் அது வழிந்துவிடும். சில நாளில் அந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கொசுக் களிம்பு, சானிடைசர் தடவிய கையோடு மீனைத் தொடவே கூடாது.

பிடிக்கும் விதம் மீனுக்கு மீன் மாறும்.

கட்லா, ரோகு, மிர்கால்: ஒரு கை வால் தொடங்கும் ஒடுங்கிய இடத்தில், மற்றொரு கை நெஞ்சுச் செட்டைகளுக்குப் பின்னால் வயிற்றின் அடியில். படுக்கை வாக்கில்தான் எப்போதும். செவுளுக்குள் விரலைவிட்டுச் செங்குத்தாகத் தொங்கவிடுவது படத்துக்கு அழகாக இருக்கலாம்; ஆனால் செவுள் இழைகளில் ரத்தம் தோலை ஒட்டியே ஓடுகிறது, நகம் பட்டாலே கொட்டும். தவிர, தண்ணீர் தாங்கி நின்ற உடம்பின் எடை முழுக்க அந்தத் தாடையில் விழும்.

ஜிலேபி: முதுகு முள்ளைத் தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக உள்ளங்கையால் தடவிப் படிய வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

கெளுத்தி: முதுகில் ஒன்று, நெஞ்சுச் செட்டையில் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். மூன்றும் விறைத்து நிற்கும். நெஞ்சு முள்ளுக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வருமாறு பிடித்தால் குத்தாது. தேளி மீனின் முள்ளில் விஷம் உண்டு, வலி கடுமையாக இருக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருங்கள். குத்துப்பட்ட கை மரத்திருக்கும் என்பதால் சூட்டை மற்ற கையால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

விரால்: பல் கூர்மை, வாயில் விரல் வைக்க வேண்டாம். விரால் காற்றைச் சுவாசிக்கும், வெளியே வெகுநேரம் தாங்கும். அதற்காகத் தரையில் போட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம் என்றில்லை. உடம்பு காய்ந்தால் அதற்கும் கேடுதான். இதைவிட முக்கியம், மழைக்காலத்தில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு நகர்வதைப் பார்த்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். காவலைப் பத்து நிமிடம் எடுத்தாலும் மற்ற மீன்கள் குஞ்சுகளை அள்ளிவிடும். அந்த விராலைத் திரும்ப விட்டும் பயன் இல்லை.

முள்ளைக் கழற்றுதல்

முள்ளின் வளைவைப் பிளேயரால் பிடித்து, அது உள்ளே போன வழியிலேயே பின்னோக்கித் தள்ளுங்கள். பக்கவாட்டில் முறுக்கினால் துளை கிழிசலாகும். எதிர்முள் நசுக்கியிருந்தால் ஒரே அசைவில் கழன்றுவிடும்.

வாயைத் திறந்து பார்த்தால் முள்ளின் காது, அதாவது நரம்பு கட்டும் வளையம், கண்ணுக்கே தெரியவில்லையா? தோண்டாதீர்கள். தொண்டைக்குப் பின்னால் இதயமும் ஈரலும் மிக அருகில் இருக்கின்றன. உள்ளே கிளறும் பிளேயர்தான் கொல்லும். எட்டிய மட்டும் முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். முள்ளோடு விடப்படும் மீன், தோண்டி எடுத்து விடப்படும் மீனைவிட அதிகம் பிழைக்கிறது. சாதாரண எஃகு முள் உள்ளே துருப்பிடித்துத் தளரும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் முள்ளை ஆற்று மீனுக்கு வாங்காமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

படம் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள், பத்து விநாடிக்குள் திரும்ப இறக்குங்கள். நழுவினாலும் தண்ணீரில் விழ வேண்டும். மேட்டூர்க் கரைப் பாறை பகலில் காலையே சுடும். ஈரத் தோல் அதில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாளியில் போட்டு வைத்து எல்லாவற்றையும் கடைசியில் விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 10 லிட்டர் வாளியில் 30 டிகிரித் தண்ணீர் நிரம்ப இருந்தாலும் அதில் உள்ள ஆக்சிஜன் 75 மில்லிகிராம்தான். இழுபட்டுக் களைத்த அரைக்கிலோ மீன் அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும்.

விடும் முன் கண்ணைப் பாருங்கள்

தெம்பாக இருக்கும் மீனை உடனே விடுங்கள், தேவையின்றிப் பிடித்து வைத்திருப்பதும் தொந்தரவுதான். சந்தேகமாக இருந்தால் தண்ணீருக்குள்ளேயே மீனை மெதுவாக ஒரு பக்கம் சாயுங்கள். தெம்புள்ள மீனின் கண், உடம்போடு சேர்ந்து உருளாமல் முன்பு பார்த்த மட்டத்திலேயே நிற்க முயலும். உடம்பு சாய்ந்த திசைக்கே கண்ணும் சாய்ந்து போனால் மீன் மிகவும் களைத்திருக்கிறது. அடுத்து, வால் அடியை லேசாக அழுத்துங்கள். துள்ளி முன்னே பாய வேண்டும். பாயாவிட்டால் இன்னும் நேரம் கொடுங்கள்.

களைத்த மீனை நிமிர்ந்த நிலையில் தளர்வாகத் தாங்குங்கள். காவிரியில் என்றால் தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கட்டும். ஏரியில் என்றால் நிழலான, கொஞ்சம் ஆழமான இடம். முன்னும் பின்னும் ஆட்டுவது பலருக்கும் பழக்கம், அது தவறு. தண்ணீர் வாய் வழியே போய்ச் செவுள் வழியே வெளியேற வேண்டும்; பின்னுக்கு இழுக்கும்போது எதிர்த் திசையில் போய்ச் செவுள் இழைகள் மடங்கும். சும்மா தாங்கினாலே செவுள் மூடி சீராகத் திறந்து மூடத் தொடங்கும். அது தானாகக் கையை உதறிப் போகும்வரை காத்திருங்கள், தள்ளிவிடாதீர்கள்.

காவிரியில் திமில் போன்ற மேடுள்ள தலைப்பின்பகுதியோடு பெரிய செதில் மீன் மாட்டினால் கூடுதல் கவனம். காவிரி நீர்த்தொகுதியில் மட்டுமே வாழும் திமில் மஹசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் (IUCN) செம்பட்டியலில் இருக்கிறது. அதைத் தண்ணீரை விட்டு எடுக்கவே வேண்டாம். முள்ளை நீருக்குள்ளேயே கழற்றி அனுப்பிவிடுங்கள், படம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

எதை விடக் கூடாது

செவுளிலிருந்து ரத்தம் கொட்டும் மீன் அநேகமாகப் பிழைக்காது. சாப்பிட அனுமதி உள்ள இடம், அனுமதி உள்ள மீன் என்றால் உடனே கொன்று சமைத்துவிடுவதே அதற்குச் செய்யும் நல்லது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்த நீர்நிலையிலும் திரும்ப விடாதீர்கள். நாட்டு மீன்களைத் தின்றே அது பெருகும், அதை வளர்க்கவே தடை இருக்கிறது. மீன்தொட்டியிலிருந்து வந்து ஏரிகளில் பரவும் டேங்க் கிளீனருக்கும் இதே விதி. ஜிலேபியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதை விட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்த மீனாக இருந்தாலும் பிடித்த தண்ணீரில்தான் விட வேண்டும். சேலத்து ஏரியில் பிடித்ததை வாளியில் எடுத்துப் போய் ஏற்காடு ஏரியில் விட்டால், மீனோடு அதன் ஒட்டுண்ணியும் நோயும் மலையேறிவிடும்.