ஹீரோவைப் பறக்கவிடுவதற்கு முன் டேங்கைப் பாருங்கள்

ஊர்த் தம்பி ஒருவன் படிக்கக் கொடுத்த விஞ்ஞானக் கதையில் ஹீரோ ஜெட்பேக்கை (ஆளைத் தூக்கிப் பறக்கிற எஞ்சின் மூட்டை) முதுகில் மாட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் கிளம்பி, கே.ஆர்.பி. அணையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நேராக ஒகேனக்கல் போய் மீன் குழம்பு சாப்பிடுகிறான். தலைமுடிகூடக் கலையவில்லை. எழுதுகிற நம்மில் நிறைய பேர் செய்கிற தப்புதான் இது: மேலே கிளம்புவதுதான் கஷ்டம், அப்புறம் மிதந்துகொண்டே போய்விடலாம் என்று நினைப்பது.

கிளம்புவது 1961-லேயே முடிந்த கதை. அமெரிக்காவின் பெல் விமான நிறுவனம் செய்த ராக்கெட் பெல்ட் என்ற ஜெட்பேக்கோடு ஹரால்ட் கிரஹாம் முதன்முதலில் கயிறு கட்டாமல் பறந்தது 13 விநாடி, சுமார் 34 மீட்டர். டேங்க் நிறைய ஊற்றினாலும் அது 21 விநாடிதான் தாங்கும். 100 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 600 மீட்டர்கூட வராது. டவுனிலிருந்து அணைக்கே ஏழெட்டு கிலோமீட்டர்!

இறக்கை இருந்தால் எடையைக் காற்று தாங்கும். இல்லையென்றால் அந்தரத்தில் சும்மா நிற்பதற்கே எஞ்சின் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். 2008-ல் ஈவ் ரோசி முதுகில் ஜெட் இறக்கையோடு ஆங்கிலக் கால்வாயைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தார். 2019-ல் இறக்கையில்லாத ஜெட் பலகைமேல் நின்றபடி அதே கால்வாயைக் கடந்த ஃபிராங்கி சபாட்டா, நடுவழியில் ஒரு படகில் இறங்கி எரிபொருள் ஏற்றிக்கொண்டுதான் போனார் (முதல் முயற்சியில் அந்தப் படகில் இறங்கும்போதுதான் கடலில் விழுந்தார்). சரி, ஹீரோவுக்கும் இறக்கை கொடுத்துவிடலாமா? ரோசி விமானத்திலிருந்து குதித்துத்தான் தொடங்கினார், பாராசூட்டில்தான் இறங்கினார், கோட்டைச் சுவரில் நின்று ஜம்மென்று எழும்புகிற காட்சி போச்சு.

அடுத்தது சூடு. பைக் சைலன்சர் பட்ட தழும்பு கெண்டைக்காலில் இல்லாதவர் நம் பக்கம் குறைவு. ராக்கெட் பெல்ட் கக்கியது வெறும் நீராவியும் ஆக்சிஜனும்தான், ஆனால் 700 டிகிரிக்கு மேல். தம்பியின் ஹீரோ லுங்கியோடு மாந்தோப்பில் இறங்குகிறான், கீழே ஒரு சருகுகூட அசையவில்லை.

எஞ்சின் நின்றால் பாராசூட் இருக்கிறதே என்பான் தம்பி. பத்து மாடி உயரத்தில் எஞ்சின் நின்றால் சாதாரண பாராசூட் விரியவே நேரம் போதாது.

டேங்க் பிரச்சினையே வராதபடி புதுசாக ஒரு பேட்டரியைக் கற்பனை செய்வதில் தப்பே இல்லை, அதற்குத்தானே விஞ்ஞானக் கதை. ஆனால் அந்த பேட்டரி ஹீரோ முதுகில் மட்டும் இருக்காது. தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன்: இரண்டாம் அத்தியாயத்தில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி முக்கி முனகி ஏறுகிறதே, அது ஏன்டா இன்னும் டீசலில் ஓடுகிறது?