தண்ணீர்த் தொட்டியை விட்டு இறங்காத ஹோமர் புறா

கடலூர் முதுநகரில் மொட்டை மாடிக் கூடு, வாசல் கிழக்கே, கடலைப் பார்த்து. மதியத்துக்கு மேல் திறந்துவிட்டால் ஹோமர் குஞ்சுகள் (தொலைவில் விட்டாலும் கூடு திரும்பும் பந்தயப் புறா இனம்) நன்றாக வட்டமடிக்கும். ஆனால் கூட்டுக்குள் வராது. இருட்டும்வரை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பசி போதவில்லை என்று தீனியைக் குறைத்தேன். கம்பும் பட்டாணியும் தலைக்கு 30 கிராமிலிருந்து 20-க்கு வந்தது. குஞ்சுகள் இளைத்ததுதான் மிச்சம். வாசலில் உள்ளே மட்டும் திறக்கும் தொங்கு கம்பிகளை மாற்றினேன், தீனி டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டும் பார்த்தேன். குலுக்கினால் தொட்டியிலிருந்து கிளம்பும், வாசலுக்கு வெளியே இறங்குவதற்கு வைத்த பலகைக்கு மேலே வந்து மறுபடி திரும்பிவிடும்.

அந்தக் கடைசி நொடியைக் கவனித்தால் விஷயம் தெரியும். வாலை விரித்து, காலை நீட்டி இறங்கும்போது முதுகு இறகு பின்னாலிருந்து தூக்கிக்கொள்ளும். புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மதியம் வீசுவதோ கடல்காற்று. கிழக்கு வாசலுக்குள் வர மேற்கே பார்த்துப் பறக்க வேண்டும், காற்று முதுகில் தள்ளும், பலகையைத் தாண்டிப் போய்விடும்.

பலகையில் ஒரு பாலித்தீன் நாடாவைக் கட்டினேன். விடியற்காலையில் அது கடல் பக்கமாக ஆடியது. அந்த நேரத்தில், தீனி வைக்கும் முன் திறந்தேன். ஒரே சுற்றில் நேராகப் பலகையில் இறங்கி உள்ளே போய்விட்டன. தீனி பழையபடி 30 கிராம்.

சாயங்காலப் பறப்புக்கு மேற்கே இன்னொரு வாசல் வைத்து, பலகையை ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்கிறேன். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையிலும் அந்த வாசல்தான். வல்லூறு சுற்றினால் அன்றைக்குத் திறப்பதில்லை.