ஆர்டிஆர் 160-க்குப் பெரிய கார்ப்: அளவெடுப்பதிலிருந்து ஜெட் பிடிப்பது வரை

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம், சுருக்கமாக கார்ப்) வைத்து வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 பைக்கில் கம்பெனி மாட்டி அனுப்பியது மிக்குனி கம்பெனியின் பிஎஸ்-26, அதாவது 26 மி.மீ. துளை உள்ளது. அதன் அண்ணன் வண்டியான ஆர்டிஆர் 180-இன் கார்ப் மாடலில் இருந்தது பிஎஸ்-29. 160-க்கு நான் சிபாரிசு செய்வது அந்த 29-ஐத்தான். அதற்கு மேலே போக வேண்டாம்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 26 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 531 சதுர மி.மீ. 29 என்றால் 660. மூன்றே மில்லிமீட்டரில் 24 சதவீதம் கூடிவிடுகிறது. 32 போட்டால் 51 சதவீதம். ஆனால் இன்ஜின் அதே 159.7 சிசிதான். 3000 ஆர்பிஎம்மில் அது இழுக்கிற காற்று நொடிக்கு 4 லிட்டர். 26-இல் அந்தக் காற்று சராசரியாக நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் ஓடும், 32-இல் 5 மீட்டர்தான். கார்ப் பெட்ரோலை உறிஞ்சுவது இந்தக் காற்றின் வேகத்தால். வேகம் குறைந்தால் உறிஞ்சல் குறையும், கலவையில் பெட்ரோல் குறைந்து லீனாகும், சிக்னலில் கிளம்பும்போது வண்டி திணறும். "32 போட்டுத் தரீங்களாண்ணா, டாப் எண்டு நல்லா வருமாமே" என்று பையன்கள் வந்து கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். டாப் எண்டு, அதாவது உச்ச வேகம், சாலையில் எப்போதாவது தொடுகிற இடம். 3000-லிருந்து 6000 வரைதான் நாள் முழுக்க ஓட்டுகிறோம்.

29 மாட்டினால் என்ன கிடைக்கும்? ஏழாயிரத்துக்கு மேலே இன்ஜின் மூச்சடைக்காமல் ஏறும். அதற்குக் கீழே பெரிய மாற்றம் தெரியாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். சைலன்சரையோ வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டையோ தொடாத வண்டியில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

28 மி.மீ. கெய்ஹின் பிஇ ஸ்லைடு கார்பும் நிறையப் பேர் போடுகிறார்கள். அதில் காற்றுப் பாதையை அடைத்து நிற்கிற ஸ்லைடை ஆக்ஸிலரேட்டர் கேபிள் நேராகத் தூக்கும். கையில் முறுக்கின அளவு திறந்துவிடும், இன்ஜின் தயாரா என்று பார்க்காது. பிஎஸ் வகை அப்படியில்லை. கேபிள் திறப்பது பட்டர்ஃபிளை என்கிற வட்டத் தகட்டை மட்டும். ஸ்லைடை ஏற்றுவது டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வுக்கு மேலே வருகிற வேக்குவம். இன்ஜின் கேட்கிற அளவுக்குத்தான் ஏறும். அதனால் கொஞ்சம் பெரிய அளவு போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். டிராக் வண்டிக்கு பிஇ சரி. தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு பிஎஸ்.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் பழைய கார்பிலேயே வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா பாருங்கள். வால்வ் கிளியரன்ஸ், கம்ப்ரஷன், பிளக், ஏர் ஃபில்டர். கார்பை இன்ஜினோடு சேர்க்கிற மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிற வண்டியில் எந்த ஜெட்டும் (பெட்ரோலை அளந்துவிடுகிற துளை உள்ள சின்னத் திருகு) சரிவராது.

கார்ப் வாங்கும்போது டூப்ளிகேட் அதிகம் கிடைக்கிறது, கவனம். பட்டர்ஃபிளையை முழுக்க மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கீற்றுதான் தெரிய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி வெளிச்சம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய கார்ப் என்றால் மூடியைக் கழற்றி டயஃப்ரத்தையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசி முனை ஓட்டை போதும், ஸ்லைடு பாதியிலேயே நின்றுவிடும். சுத்தம் செய்கிறேன் என்று அதன் மேல் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிப்போய் திரும்பப் பள்ளத்தில் உட்காராது.

கார்போடு சேர்த்து 180-இன் மேனிஃபோல்டு, ஏர் பாக்ஸ் பக்கத்து ரப்பர், கிளாம்ப் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன் வெர்னியரில் கார்பின் இரண்டு வாயையும் ரப்பரின் உள்விட்டத்தையும் அளந்துவிடுங்கள். பழைய 26-இன் ரப்பரை இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒரு மாதத்தில் கிழியும். அப்புறம் மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஹெட்டோடு சேருகிற இடத்தில் விரல் தட்டினால், அந்தப் படியில் காற்று சுழலும், பெட்ரோல் துளி அங்கேயே ஒட்டி நிற்கும். மேனிஃபோல்டு பக்கத்தை மட்டும் மெல்லத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். ஹெட்டைத் தேய்க்க வேண்டாம், அதில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பழைய கார்பில் வயர் சாக்கெட் ஏதாவது இருந்தால், புதியதில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கழற்றி மாட்டுவது எளிது. பெட்ரோல் டேப்பை மூடி, டேங்கைத் தூக்கி, கார்பின் அடியில் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் பவுலை வடித்துவிட்டு, கிளாம்ப் இரண்டையும் தளர்த்தினால் கார்ப் வந்துவிடும். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஐடில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடுகிற வேகம்) ஏறினால் கேபிள் இறுக்கம். டிரெய்ன் குழாயில் டிரான்ஸ்பரன்ட் டியூப் சொருகி பவுலோடு ஒட்டிப் பிடித்தால் பெட்ரோல் மட்டம் தெரியும். பவுல் சேருகிற விளிம்பைத் தாண்டக் கூடாது.

உண்மையான வேலை இனிமேல்தான். கார்ப் வாங்குகிற காசில் ஒரு பங்கை ஜெட்டுக்கு ஒதுக்குங்கள். 180-இல் இருந்த ஜெட்டோடு ஆரம்பித்து, மேலே மூன்று அளவு, கீழே இரண்டு அளவு கையில் இருக்கட்டும். மிக்குனியில் 110, 112.5, 115 என்று 2.5 வித்தியாசத்தில் வரும். கெய்ஹின் நம்பரும் மிக்குனி நம்பரும் ஒன்றல்ல, அங்கே 115 ஓடியது என்று இங்கே 115 போடக் கூடாது.

முதலில் மெயின் ஜெட், முழுக்க முறுக்கும்போது பெட்ரோல் கொடுப்பது. முழு ஆக்ஸிலரேட்டரில் லீனாக ஓடினால்தான் பிஸ்டன் அடிபடும், அதனால் பெரிய ஜெட்டிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். காலி ரோட்டில், அதைவிட டிராக்கில், மூன்றாவது கியரில் ஏழாயிரத்துக்கு மேலே முழுக்க முறுக்கி ஓட்டுங்கள். கரகரவென்று அடைத்து ஓடினால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் இழுவை கூடினால் லீன். அதே ஓட்டத்தில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை ஆஃப் செய்து, வண்டியை ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை என்றால் லீன், கரி படிந்தால் ரிச், நடுவில் வெளிர் பழுப்பு வேண்டும். ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்து கழற்றின பிளக் பொய் சொல்லும்.

பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சாதாரண பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5-தான். அந்தக் காலத்து ஜெட்டில் வண்டி ஏற்கெனவே கொஞ்சம் லீனாகத்தான் ஓடுகிறது. எனவே இரண்டு ஜெட்டுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதையே வையுங்கள்.

அடுத்து ஸ்லோ ஜெட், ஐடிலில் பெட்ரோல் கொடுப்பது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பி, ஐடில் அதிகமாக ஏறுகிற இடத்தைப் பிடியுங்கள். பிஎஸ்-இல் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், வெளியே திருப்பினால் ரிச். பிஇ-யில் காற்று வருகிற பக்கம், அங்கே உள்ளே திருப்பினால்தான் ரிச். பிஎஸ்-இல் மூன்று சுற்றுக்கு மேலே போனால்தான் ஐடில் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட் சின்னது, ஒரு சுற்றுக்குள்ளேயே நின்றால் பெரியது.

கடைசியில் நீடில், ஸ்லைடோடு ஏறி இறங்குகிற ஊசி. நடு ஆக்ஸிலரேட்டரில் தயங்கினால் இதைத்தான் தொட வேண்டும். கிளிப் மாற்றப் பள்ளம் இல்லாத நீடில் என்றால் அரை மி.மீ. வாஷர் ஒன்று போட்டு ஏற்றலாம். கார்பை வெளியே எடுக்க வேண்டியதில்லை, மேல் மூடியைக் கழற்றினால் போதும். மூடும்போது டயஃப்ரத்தின் ஓரம் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று பாருங்கள். விரலால் ஸ்லைடைத் தூக்கிவிட்டால் மெதுவாக இறங்க வேண்டும். டொக்கென்று விழுந்தால் எங்கோ காற்று போகிறது.

ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு, கார்ப் வாயில் நேராக மாட்டுகிற கோன் ஃபில்டர் போடாதீர்கள். பிஎஸ் கார்பின் ஸ்லைடு அமைதியான காற்றை நம்பி வேலை செய்கிறது. சத்தம் கூடும், பார்த்துப் பார்த்துச் சரிசெய்த ஜெட் எல்லாம் தப்பாகிவிடும்.

கோவையில் ட்யூன் செய்த வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப்போனால் வண்டி மந்தமாகும். கோவை சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. காற்றின் அடர்த்தி 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்து, கலவை ரிச்சாகிவிடும். ஒருநாள் பயணத்துக்கு எதையும் கழற்ற வேண்டாம். அங்கேயே ஓட்டுகிறவர்கள் நீடில் வாஷரை எடுத்துவிட்டு, மெயின் ஜெட்டில் ஓரிரு அளவு இறங்கலாம்.

கம்பெனி அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற விஷயம், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி எழலாம். அதனால் கோவை செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வேயில் ஓட்டுகிற வண்டிக்கு யோசிக்காமல் செய்வேன். ரோட்டு வண்டி என்றால் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவேன். புகைச் சான்றில் பாரத் ஸ்டேஜ்-3 மாசு விதிக் காலத்து 4 ஸ்ட்ரோக் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. ஸ்லோ ஜெட்டை ஒழுங்காகப் பிடித்த 29 இதற்குள் வந்துவிடும். வராவிட்டால் ஸ்க்ரூவை மறுபடி பாருங்கள். பழைய 26-ஐ அதன் ரப்பர், கிளாம்போடு பெட்ரோல் வடித்து, கவரில் கட்டி வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.