ஜாகுவார் இ-டைப் காரை 1/24 அளவில் செய்யும் முறை

1961 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், பிளாஸ்டிக் மாடல் செய்பவரின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டதோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நீண்ட போனட்டின் மீது விழும் ஒளி முகப்பிலிருந்து கதவு வரை தடையின்றி வழிந்து செல்வதால், பெயிண்டில் ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். ஏறத்தாழ 4.45 மீட்டர் நீளமுள்ள அந்தக் கார், 1/24 அளவில் 18.5 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கக் கணக்கை வேலை முடியும் வரை மறக்கலாகாது. மாடலின் மேல் ஏறும் 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட், உண்மையான காரின் மேல் 2.4 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசியதற்குச் சமம். மாடல் பொம்மை போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கத்தியை எடுப்பதற்கு முன், எந்த ஆண்டின் காரைச் செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். 1964 வரை வந்த கார்களில் 3.8 லிட்டர் எஞ்சினும், அதன் பிறகு 4.2 லிட்டர் எஞ்சினும் இருந்தன. முன்னதில் சிலிண்டர் ஹெட் பொன்னிறத்திலும் பின்னதில் வெள்ளி நிறத்திலும் இருக்கும். மிகத் தொடக்கக் காலக் கார்களின் டேஷ்போர்டு நடுப்பகுதி அலுமினியத் தகடு, 4.2 லிட்டர் கார்களில் அது கறுப்பு. முகப்பு விளக்குகளின் மேலிருந்த கண்ணாடி மூடி 1967 இல் நீங்கிவிட்டது. இவற்றைக் கலந்துவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது எந்த ஆண்டிலும் இல்லாத காராகிவிடும். புதுப்பிக்கப்பட்ட கார்களின் படங்களை ஓரளவுக்கே நம்பலாம். உரிமையாளர்கள் தொழிற்சாலை தராத பளபளப்பையெல்லாம் எஞ்சின் அறைக்குள் சேர்த்துவிடுவது வழக்கம்.

பெட்டியில் வரும் செய்முறைத் தாள் பொதுவாக எஞ்சினில் தொடங்கிக் காரின் உடலில் முடியும். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். உடலின் பெயிண்ட் இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதை முதலில் முடித்து ஒதுக்கிவைத்து, அது காயும் காலத்தில் எஞ்சினையும் சக்கரங்களையும் செய்வதே உகந்தது. கடைசியில் உடலுக்கு வருபவர், காரை முழுமையாகப் பார்க்கும் ஆவலில் காயாத பெயிண்டைத் தொட்டுவிடுவார். என் முதல் மாடலின் கூரையில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது.

பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பிறகு உடலை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், அச்சின் இரு பகுதிகள் சேர்ந்த இடங்களில் மெல்லிய மேடுகள் ஓடுவது தெரியும். இவற்றைக் கத்தியின் முதுகால் சுரண்டி, 600 முதல் 1000 வரை எண்ணிட்ட (எண் கூடக் கூட மென்மை) உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் வளைவில் பள்ளம் விழும். மென்மையான ரப்பர்த் துண்டின் மேல் தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. கதவு, டிக்கி ஆகியவற்றின் கோடுகளையும் இப்போதே கீறுகோல் கொண்டு சற்று ஆழப்படுத்திவிட வேண்டும். அடிப்பூச்சான பிரைமர், நிறம், நிறமற்ற மேல்பூச்சான கிளியர் ஆகிய மூன்றும் ஏறும்போது ஆழமற்ற கோடுகள் தூர்ந்துவிடும். அதன் பிறகு கீறப்போனால் பெயிண்ட் பெயரும்.

இ-டைப்பின் போனட், முன் மட்கார்டுகளையும் முகப்பையும் சேர்த்து ஒரே பெரிய உறுப்பாக, முன்புறம் நோக்கித் திறப்பது. எஞ்சினைக் காட்ட இதைவிட வசதி வேறில்லை. ஆனால் மாடலில் சிக்கல் எழுவதும் இங்கேதான். முன் சட்டம், எஞ்சின், ரேடியேட்டர் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக இணைத்து, போனட்டை மூடிப் பார்க்க வேண்டும். அதற்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி, கதவைச் சுற்றிய இடைவெளியின் அளவிலேயே இருபுறமும் இருக்க வேண்டும். பெயிண்டின் தடிமன் இரு விளிம்புகளிலும் ஏறும் என்பதால் சற்றுத் தாராளமாகவே விடலாம். பெயிண்ட் அடித்த பின் போனட் உட்காரவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை எனலாம்.

பிரைமரை மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளாக அடிக்க வேண்டும். நிறத்துக்கு அடித்தளமாவதோடு, கண்ணுக்குத் தப்பிய கீறலையும் குழியையும் காட்டிக்கொடுப்பதும் அதன் பணி. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த உடலாக இருந்தால் அந்தச் சாயம் வெளிர் நிறங்களின் வழியே கசிந்து மேலே வரும். அதை அடைக்க பிரைமருக்கு மேல் வெள்ளிநிறப் பூச்சு ஒன்று கொடுக்கலாம். வீரியமான கரைப்பான் கொண்ட லாக்கர் வகைப் பெயிண்டை வெறும் பிளாஸ்டிக்கின் மேல் ஈரமாக அடித்தால், அந்தப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் வெடித்துச் சுருங்கும். காய்ந்த லாக்கரின் மேல், மெதுவாகக் காயும் எனாமல் வகைப் பெயிண்டை அடிக்கலாம். எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருக்கம் விழுந்து எழும்பும்.

போனட்டையும் உடலையும், காரில் அவை இருக்கும் அதே நிலையில் நிறுத்தி, ஒரே கலவையால் ஒரே அமர்வில் அடிக்க வேண்டும். மெட்டாலிக் நிறமானால் இது கட்டாயம். உலோகத் துகள்கள் படியும் திசை மாறினால், ஒரே குப்பியிலிருந்து அடித்த நிறமும் இரண்டாகத் தெரியும். அந்த வகை நிறங்களில் துகள் மிக நுண்ணியதாக இருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். சாதாரண மெட்டாலிக் பெயிண்டின் துகள் இந்த அளவில் கூழாங்கல்லைப் போலத் தெரியும். முதல் பூச்சு பனி படிந்தாற்போல மெலிதாகவும், அடுத்தவை சற்று ஈரமாகவும் அமையலாம். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் லாக்கரில் சிக்கிப் பால்நிறப் படலமாக நின்றுவிடும். காற்றோட்டமும், ஆவியைத் தடுக்கும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கிளியர் அடித்த பின் உடலை ஒரு பெட்டியால் மூடி வைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்பதை விரலால் தொட்டுப் பார்க்காமல் மூக்கால் அறிய வேண்டும்: அருகில் முகர்ந்தால் தின்னர் வாசனை வருமானால், பெயிண்ட் இன்னும் ஆவியை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த இடைவெளியில் எஞ்சினைச் செய்யலாம். மாடல் பெட்டியில் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பிளக் வயர்கள் இருப்பதில்லை. உண்மையான வயரின் தடிமன் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஆகவே இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர் கம்பியே பொருத்தம். கையில் இருக்கிறதே என்று தடித்த கம்பியைச் செருகினால், எஞ்சின் மேல் தோட்டத்துக் குழாய் கிடப்பதுபோல இருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலும், இரண்டு கேம்ஷாஃப்ட் மூடிகளுக்கு நடுவே பிளக்குகள் அமரும் பள்ளத்திலும் கைத்துளைப்பானால் துளையிட்டு, கம்பியின் நுனியில் மட்டும் நொடியில் ஒட்டும் சயனோ பசை தொட்டுச் செருக வேண்டும். ஜாகுவாரின் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் முதல் சிலிண்டர் பின்புறத்தில் இருக்கிறது. சிலிண்டர்களில் பொறி பற்றும் எரிப்பு வரிசை 1-5-3-6-2-4. வயர்களை இந்த வரிசையில் இணைப்பது கூடுதல் உழைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அறிந்தவர் எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். கேம்ஷாஃப்ட் மூடிகள் மெருகேற்றிய அலுமினியம் என்பதால், பளபளப்பான கறுப்பின் மேல் குரோம் பெயிண்டை மிக மெலிதாக அடித்தால் அந்த ஒளி கிடைக்கும்.

சக்கரங்களில் 72 கம்பிகள் உண்டு. பிளாஸ்டிக்கில் வார்த்த கம்பிகள் எப்போதும் தடித்தே இருக்கும். அமிலத்தால் அரித்துச் செய்த உலோகக் கம்பிகள் தனியே கிடைக்கின்றன. அவை வேண்டாம் என்றால், கம்பிகளின் இடைவெளிகளில் நீர்த்த கறுப்பு எனாமலை ஓடவிட்டால் கண்ணுக்கு மெலிந்து தெரியும். டயரின் பரப்பை உப்புத்தாளில் லேசாக உருட்டி, நடுவில் ஓடும் அச்சுக் கோட்டையும் புத்தம்புது மினுமினுப்பையும் போக்கிவிடுங்கள். உட்புறத்துக்கு அதிகம் சொல்வதற்கில்லை: தோல் இருக்கைகளுக்கு அரைப் பளபளப்பு, தரைவிரிப்புக்குப் பளபளப்பே இல்லாத நிறம், மீட்டர்களின் டிகாலுக்கு (ஒட்டுப் படத்துக்கு) மேல் ஒரு சொட்டுக் கிளியர்.

பெயிண்டின் வாசனை முற்றிலும் நின்ற பின், 3000 முதல் 12000 வரையிலான மெருகுத் துணிகளை நீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்து, இறுதியில் மெருகுக் களிம்பு இட வேண்டும். விளிம்புகளிலும் மட்கார்டின் உச்சியிலும் பெயிண்ட் மிக மெலிதாக இருக்கும். அங்கெல்லாம் டேப்பின் நறுக்குகளை ஒட்டி மறைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பிறகு முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஒட்டும் உலோகத் தாளைப் பதித்து, பஞ்சுக் குச்சியால் அழுத்தி, புத்தம்புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும்.

கண்ணாடிப் பாகங்களின் பக்கத்தில் சயனோ பசையைக் கொண்டுவரவே கூடாது, அதன் ஆவி படிந்து வெண்ணிறம் பூக்கும். நீரில் கரையும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறமற்றுவிடும், பிசகினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். முகப்பு விளக்கின் மூடிகளை எல்லாவற்றுக்கும் கடைசியாக, உட்புறத்தில் தூசு இல்லை என்று விளக்கொளியில் பார்த்த பின்பே ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் அந்த இரவு முழுவதும் போனட் திறந்தே இருக்கட்டும்.