ராமேஸ்வரம் போகிறவர்கள் முதலிலேயே பேசிவிட வேண்டிய காசு

வெளிநாட்டிலிருந்து ராமநாதபுரம் பக்கம் வரும் நம்மவர்கள் பலர், அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்கத்தான் ராமேஸ்வரம் போகிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் குறி வைப்பதும் அவர்களைத்தான்.

அக்னி தீர்த்தக் கரையில் இறங்கியதுமே ஒருவர் பக்கத்தில் வருவார். "எந்த ஊர் சார், மலேசியாவா, லண்டனா?" என்பார். எவ்வளவு ஆகும் என்று கேட்டால், "உங்க மனசுக்குத் தோணுறதக் கொடுங்க" என்பார். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் கையில் இருக்கும்போதுதான், "கோதானத்துக்கு ஐயாயிரம் போட்டுக்கலாமா? அப்பா ஆத்மா சாந்தியடையணும்ல" என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு மறுக்க வாய் வரும்? துக்கத்தைக் காசாக்கும் இந்தப் பிழைப்பை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சாமான், தானம், தட்சணை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று உட்காரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நேர்மையான புரோகிதர் அங்கே நிறையப் பேர் உண்டு. இப்படிக் கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகளில் நீராட, சீட்டைக் கோயில் கவுண்டரிலேயே வாங்குங்கள். நனைந்துவிடும் என்பதால் பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டுப் போவது நல்லது.

தனுஷ்கோடிக்கு உங்கள் கார் போகாது, எங்கள் வேனில்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2017இலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது.

அப்புறம் சங்கு. வலம்புரி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பல நேரம் அது அமெரிக்கக் கடலோரத்தில் கிடைக்கும் வேறொரு இனம். அது இயல்பிலேயே வலம்புரி மாதிரிதான் சுழியும். வாய்க்குள் விரல் விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு மேடாகத் தட்டுப்படும், அந்த அமெரிக்கச் சங்கில் வழவழவென்றிருக்கும். மடிப்பு இருந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். உண்மையான வலம்புரி மிக மிக அரிது, நடைபாதைக் கடையில் கிடைக்காது.

மிதக்கும் கல், பவளப்பாறைத் துண்டு என்று விற்பவற்றைத் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட உயிரினம். விற்றவர் காசோடு போய்விடுவார், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டி மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஊருக்கு ஏதாவது கொண்டுபோக ஆசையா? கருப்பட்டி வாங்குங்கள். அதிலும் சீனி கலப்பவர்கள் உண்டு என்பதால், ரோட்டோரக் கடையை விட, உள்ளூர்ச் சொந்தக்காரர் வழியாகப் பனையேறுகிற குடும்பத்திடமே வாங்குவது நல்லது. அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள்.